கை அசைக்காத தெரு

டானிங் தெரு, ஹல், இங்கிலாந்து
12 ஜனவரி 1958

அன்புத் தங்கை மூரியலுக்கு,

இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உன் அத்தான் லென்னுக்கு முட்டி வீங்கியது வீங்கியபடியே இருக்கிறது. கப்பலில் வழுக்கி விழுந்தவர் வீட்டில் ராஜாவாகிவிட்டார். காலை ஒரு நாற்காலியில் வைத்துக்கொண்டு, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு உத்தரவு போடுகிறார். எனக்கு உட்கார நாற்காலி இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா, அல்லது லண்டன்காரர்கள் மாதிரி பிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டு வைக்கிறாயா?

நீ வேலை செய்ததாக எழுதியிருந்தாயே, அந்தத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி, அதை எதிர்வீட்டு பெஸ்ஸி வீட்டில் பார்த்தோம். தெருவிலேயே அவளிடம்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது, அதனால் அவளுக்குத் தலை கொஞ்சம் கனம். பதினேழு பெண்கள் ஒரே கூடத்தில். எல்லோர் மேலும் மீன் நாற்றம், ஆகையால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. முடிவில் பேர்கள் ஓடின. நான் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டித் தேடினேன். உன் பேர் இல்லை.

பெஸ்ஸி விடுவாளா? "ஏன்டி ஐவி, உன் தங்கச்சி அங்க என்னதான் வேலை பாக்குறா? டீ ஊத்துறாளா?" என்றாள்.

"ஆமாடி, ராணிக்கே அவதான் ஊத்துறா. ஒனக்கும் ஒரு கப் அனுப்பச் சொல்லவா?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் தெரிய வேண்டும். உன் பேர் எப்போது வரும்?

கை மரத்துப் போகிறது, நிறுத்துகிறேன்.
உன் அக்கா ஐவி


லண்டன்
26 ஜனவரி 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி ஒன்றுதான் என்னை விட்டுப் போக மறுக்கிறது. லென் அத்தானின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு கொடு.

அந்தச் சமையல் நிகழ்ச்சியை யோசித்தது நான், ஆட்களைப் பிடித்தது நான், ஒவ்வொரு நிமிடத்தையும் பிரித்து எழுதியதும் நான். பேர் மட்டும் என் மேலாளர் லாட்டிமருடையது. இங்கே அது வழக்கம். ஆறு வருடமாக அந்த வழக்கத்துக்கு நான் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று பெஸ்ஸியிடம் சொல்.

ஆனால் ஒரு சேதி. வெளியூருக்குக் கேமராக்களைக் கொண்டுபோய் நேரடியாக ஒளிபரப்புகிற பிரிவு ஒன்று உண்டு. அதில் இதுவரை ஒரு பெண்கூடத் தயாரிப்பாளராக இருந்ததில்லை. நான் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். கடைசியில் லாட்டிமர் சிரித்துக்கொண்டே ஒரு நிகழ்ச்சியைத் தந்தார். அரை மணி நேரம், நம் ஊர் மீன்பிடித் துறையிலிருந்து, ஒரு கப்பல் கடலுக்குக் கிளம்புவதை அப்படியே காட்ட வேண்டும். நன்றாக வந்தால் அந்தப் பிரிவில் எனக்கு இடம், திரையில் என் பேர். சொதப்பினால் திரும்பவும் தட்டச்சு அறை. அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

வேலை எப்படி என்று கேட்பாய். மூடிய வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். மூன்று கேமரா பார்ப்பதும் என் முன்னால் மூன்று சின்னத் திரைகளில் தெரியும். நான் "இரண்டு" என்றால் நாடு முழுவதும் இரண்டாவது கேமரா பார்ப்பதைப் பார்க்கும். திருத்த முடியாது, திரும்ப எடுக்க முடியாது. சொன்னது சொன்னதுதான்.

கப்பல் கிங்ஸ்மியர். மார்ச் 17, திங்கட்கிழமை, மூன்று மணிக்குக் கடல்நீர் ஏறும் ஓதத்தில் கிளம்புகிறது. கடைசி இரண்டு நிமிடத்துக்கு, மனைவிமார் துறையில் நின்று கை அசைத்து வழியனுப்ப வேண்டும் என்கிறார் லாட்டிமர். நம் தெருவிலிருந்து ஓர் இருபது பேரைக் கூட்டிவர முடியுமா, அக்கா?

அன்புடன்
மூரியல்


டானிங் தெரு
2 பிப்ரவரி 1958

என் அருமைப் பைத்தியத்துக்கு,

சளி போயிற்றா? மூளையும் அதோடு மூக்கு வழியாகப் போய்விட்டதோ என்று எனக்குக் கவலை.

டானிங் தெருவில் பிறந்த பெண்ணுக்கு இதை நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறதே! கிளம்புகிற ஆளுக்குக் கை அசைத்தால் அந்தக் கையைப் பார்த்து அலை வரும். கிளம்புகிற நாளில் துணி துவைத்தால் ஆளையே தண்ணீரோடு அனுப்புகிற மாதிரி. போய்வா என்றுகூட வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். துறைப் பக்கம் நிழல்கூடக் காட்ட மாட்டோம். பையைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினாரா, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். அவ்வளவுதான். நீயும் நானும் பால் குடித்ததற்கு அடுத்தபடியாகக் கற்றது இதைத்தானே?

ஆனாலும் உனக்காகக் கேட்டுப் பார்த்தேன். மீனுக்குப் புகைபோடும் எங்கள் கொட்டகையில் நாற்பது பேர் வரிசையாக நின்று ஹெர்ரிங் மீனைப் பிளந்துகொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக, "ஏய், யாருக்கெல்லாம் டிவியில மூஞ்சி காட்டணும்?" என்றேன். நாற்பது கையும் மேலே போயிற்று. "கிங்ஸ்மியர் கெளம்பறப்போ தொறையில நின்னு கை அசைக்கணும்" என்றேன். நாற்பது கையும் கீழே வந்தது. ஒரு கையில் கத்தி இருந்தது, அது பெஸ்ஸியுடைய கை.

"ஒன் தங்கச்சி நம்ம ஆம்பளைங்கள முழுக வச்சு படம் காட்டப் போறாளா?" என்றாள்.

"அடியே, ஒம் புருஷன முழுக வைக்க கடலே பத்தாது, அந்த ஒடம்புக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெஸ்ஸி சிரிக்கவில்லை.

அதனால் இருபது பேர் இல்லை. ஒருத்திகூட இல்லை. ஆனால் மூரியல், நீ ஒரு சொல் சொன்னால் நாடே திரும்பிப் பார்க்கும் என்பதை நான் அன்று மூன்று பேரிடம் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புகையினால்தான்.

அக்கா


லண்டன்
16 பிப்ரவரி 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம்தான், தூக்கம் குறைவு.

முடியாது என்று லாட்டிமரிடம் சொன்னேன். காரணமும் சொன்னேன். "எவ்வளவு அழகா இருக்கு, ஆனா படத்துக்கு ஒதவாது" என்றார். வழியனுப்பாத வழியனுப்புதலை எப்படிக் காட்டுவது என்று கேட்டார். இப்போது ஹல் நாடகக் கொட்டகையிலிருந்து பன்னிரண்டு நடிகைகளை ஏற்பாடு செய்துவிட்டார். தலையில் துணி கட்டிக்கொண்டு கை அசைப்பார்கள்.

கோபப்படாதே. நானும் யோசித்தேன். அப்பாவின் கப்பலைக் கவிழ்த்தது பனிக்கட்டி. மேல்தளத்தில் உறைந்து, கனம் ஏறிக் கவிழ்ந்தது. விசாரணையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. யாருடைய கையும் கவிழ்க்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் நான் அதை நம்பக்கூடாதா?

எனக்குக் கிடைத்திருப்பது இந்த ஒரு அரை மணி நேரம்தான் அக்கா. இன்னொன்று வராது.

கிங்ஸ்மியரில் நம் தெரு ஆட்கள் யாராவது போகிறார்களா? லென் அத்தான் முட்டி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

மூரியல்


டானிங் தெரு
9 மார்ச் 1958

அன்புள்ள மூரியலுக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. கொட்டகையில் வேலை அதிகம், மை வேறு தீர்ந்து போயிற்று, பெஸ்ஸி பேசுவதில்லை, இப்படி ஆயிரம். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. லென்னின் முட்டியும் சரியாகிவிட்டது. நாற்காலி எனக்கே திரும்பக் கிடைத்தது.

நடிகைகள் சேதி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மீன் தலைகளைக் கூடையில் சேர்த்துக்கொண்டு போய் அவர்கள் மேல் வீச வேண்டும் என்று பெஸ்ஸி ஆள் சேர்த்தாள். நான் போய், "வீசுடி. வீசினா நாடே ஒன்னைப் பாக்கும், அந்தப் பழைய கோட்டோட" என்றேன். வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீ உன் வேலையைச் செய். இந்தத் தெரு உன்னைக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று நான் மீன் குடல் நாற்றத்தோடு கடைசி வரிசையில் நின்று கை தட்டினேன், நினைவிருக்கிறதா? பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை திரையில் உன் பேர் வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அக்கா


லண்டன்
12 மார்ச் 1958

அக்கா,

உன் கடிதம் வந்தது. சந்தோஷம், ஆனால் அது உன் கடிதம் மாதிரி இல்லை. கேலி குறைவாக இருக்கிறது. உடம்பு நிஜமாகவே நலம்தானே?

ஞாயிறு மாலை வண்டியோடு வந்து சேர்வேன். இரண்டு கேமரா துறையில் நிற்கும். மூன்றாவது பனிக்கட்டித் தொழிற்சாலைக் கூரைமேல், நடிகைகளைப் பார்த்தபடி. ஒத்திகை இருப்பதால் வீட்டுக்கு வர முடியாது, எல்லாம் முடிந்தபின் ஓடி வருகிறேன். பெஸ்ஸி உள்ளே விட்டால் அவள் வீட்டில் உட்கார்ந்து பார்.

கிங்ஸ்மியரில் யார் யார் என்று கேட்டேனே, அதற்கு நீ பதில் எழுதவில்லை.

மூரியல்


ரயிலில், லண்டன் போகும் வழியில்
17 மார்ச் 1958

அக்கா,

நலம் விசாரிக்க மனம் இல்லை, மன்னித்துக்கொள். வீட்டுக்கு வராமல் போவதற்கும். ஐந்து மணி ரயிலைப் பிடித்து நேரே வந்து நில் என்று லாட்டிமரிடமிருந்து உத்தரவு. ரயில் ஆடுவதால் எழுத்தும் ஆடுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தைந்து நிமிடம் எல்லாம் கடிகாரம் மாதிரி ஓடியது. பனிக்கட்டி ஏற்றுவது, வலை, கப்பல் மேல்தளம், நடுவில் வர்ணனையாளரின் குரல். இரண்டாவது கேமரா பார்ப்பதுதான் அப்போது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது கேமராக்காரர் சும்மா இருக்க முடியாமல் கூரையிலிருந்து ஊர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தார். என் சின்னத் திரையில் தெருக்கள் தெரிந்தன. திங்கட்கிழமை, ஊரே துவைக்கும் நாள் அல்லவா, எங்கும் துணி. ஒவ்வொரு பின்கட்டிலும் போர்வையும் சட்டையும் காற்றில் உப்பிக்கொண்டு நின்றன. நடுநடுவே சில வீடுகளில் மட்டும் வெறும் துணிக்கொடி. கிங்ஸ்மியர் வீடுகள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. லண்டனில் எவருக்கும் தெரியாது, எனக்குத் தெரிந்தது.

கேமரா இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு பின்கட்டில் சாய்ந்த கம்பம். அப்பா நட்டது, அம்மா நிமிர்த்தச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தது. அதிலும் வெறும் கொடி.

காய்ச்சல் அடித்தாலும் திங்கட்கிழமை துவைக்காமல் இருக்க மாட்டாய் நீ.

அப்போதுதான் புரிந்தது. அத்தான் அந்தக் கப்பலில் இருக்கிறார்.

கை அசைக்க நாற்பது நொடி இருந்தது. "மூணு, அங்கயே நில்லுங்க, நகராதீங்க" என்றேன். துறையில் நிற்கும் ஆளிடம், "அந்தப் பொம்பளைங்க கையக் கீழ போடச் சொல்லுங்க" என்று கத்தினேன். வர்ணனையாளருக்கு, "ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றேன். பிறகு "மூன்று" என்றேன்.

ஒரு நிமிடம் இருபது நொடி. நாடு முழுவதும் வெறும் கொடிகள். சாத்திய கதவுகள். கப்பல் இயந்திரச் சத்தமும் கடற்பறவைகளும் மட்டும். எங்கள் தொழிலில் பத்து நொடி மௌனம் குற்றம். லண்டன் தொலைபேசி அலறியது. நான் எடுக்கவில்லை. கப்பல் துறை வாயிலைத் தாண்டியபின் பேர் எழுதிய அட்டைகளைக் காட்டச் சொன்னேன். கடைசியில் என் அட்டை. ஒரு தடவையாவது வரட்டுமே என்று நினைத்தேன்.

ஆனால் அக்கா, நடிகைகளில் ஒருத்தி பாதிக் கையைத் தூக்கிவிட்டாள். படத்தில் வரவில்லை. ஆனால் தூக்கினாள்.

நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அவர்களைத் துறைப் பக்கமே விட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று. இதை இருபத்தேழு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா கடைசியாகக் கிளம்பிய அன்று நான் மாடி ஜன்னலில் நின்று கை அசைத்தேன். ஆறு வயது. நீ என் பின்னால் நின்றாய். நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள்கூட நீ அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நான் ஊரைவிட்டு ஓடியதே அதனால்தானோ என்னவோ.

மூரியல்


டானிங் தெரு
20 மார்ச் 1958

தங்கைக்கு,

நான் நலம். நீ சாப்பிடு. ரயிலில் அழுதுகொண்டு போகிற பெண்களை எனக்குப் பிடிக்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு.

முதலில் பெஸ்ஸி வீட்டுக் கதை. என்னை உள்ளே விட்டாள். விடாமல் இருப்பாளா, மீன் தலைக் கூடையோடு அவளே வாசலில் நின்றாள், படத்தில் யாராவது கை அசைத்தால் பெட்டி மேலேயே வீச. இருபத்திரண்டு பேர் இருந்தோம். கடைசியில் அந்தக் கொடிகள் வந்ததும் கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பேசாமல் இருக்கத் தெரியாத இருபத்திரண்டு பேர், மூரியல்!

பெஸ்ஸிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அவளுக்கு மறக்கலடி" என்றாள். கண்ணைத் துடைத்தாள். "வெங்காயம்" என்றாள். அந்த வீட்டில் வெங்காயமே இல்லை, மீன் தலைகள்தான் இருந்தன.

பிறகு பேர்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, விரலை வைத்துப் படித்தேன். "மூ... ரி... ய..." என்பதற்குள் அட்டையை எடுத்துவிட்டார்கள். மீதியை பெஸ்ஸி உரக்கப் படித்தாள், தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். கிங்ஸ்மியரில் ஒரு ஆள் நோயில் விழுந்தான், லென்னைக் கூப்பிட்டார்கள், முட்டி சரியாகிவிட்டது, அவர் போகிறேன் என்றார். உனக்கு எழுதியிருந்தால் நீ எனக்காக அந்த வேலையைத் தூக்கிப் போட்டிருப்பாய். போட்டிருப்பாயா மாட்டாயா? நீ நினைத்ததை நீயே செய்ய வேண்டும், நன்றோ கெட்டதோ. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் கொடி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நீ எழுதிய மற்ற விஷயம், ஜன்னல் விஷயம். கப்பல் வெளியே இருக்கும்போது அதைப் பற்றி எழுத மாட்டேன். லென் வரட்டும்.

அக்கா


லண்டன்
31 மார்ச் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பொய் சொல்லாமல் எழுது.

லாட்டிமர் என்னை ஒரு வாரம் காக்க வைத்தார். "பேசச் சொல்லிச் சம்பளம் குடுத்த ஆளை வாய மூடச் சொல்லியிருக்கீங்க" என்று ஆரம்பித்தார். அதற்குள் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாம் கடற்கரை ஊர்களிலிருந்து. ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெண், "எங்க ஊர்லயும் இப்படித்தான், ஆனா இத்தனை நாளா எங்களை யாரும் பார்த்ததில்ல" என்று எழுதியிருந்தாள். லாட்டிமருக்கும் மேலே உள்ளவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இந்த ஆண்டின் மிகச் சிறந்த ஒரு நிமிடம் அது என்றார். லாட்டிமர் உடனே, தாமும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்.

இடம் கிடைத்துவிட்டது அக்கா. அந்தப் பிரிவில் முதல் பெண். ஓர் அறை, ஒரு மேசை, கதவில் என் பேர்.

நான் அந்த நாற்காலியில் இன்னும் உட்காரவில்லை. கிங்ஸ்மியர் போயிருக்கும் ஐஸ்லாந்துப் பக்கம் புயல் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. அந்தப் பாதிக் கைதான் கண்முன் நிற்கிறது. பனிக்கட்டிதான் காரணம் என்று எழுதியவளும் நானேதான். சிரிக்காதே.

மூரியல்


டானிங் தெரு
10 ஏப்ரல் 1958

என் தங்கை, தயாரிப்பாளர் மூரியல் ஸ்டாதர்ஸ் அவர்களுக்கு,

உட்கார். முதலில் நாற்காலியில் உட்கார், பிறகு மேலே படி.

நேற்றுக் காலை ஓதத்தில் கிங்ஸ்மியர் வந்துவிட்டது. ஆள் குறையவில்லை. புயலில் இரண்டு நாள் தவித்தார்களாம். லென் தாடியோடு வந்து நின்றார், வாசலில் யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்தேன், அவரிடமே சொன்னேன். முட்டி மறுபடி வீங்கியிருக்கிறது. நாற்காலி போயிற்று.

உன் நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னேன். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "நம்ம வீட்டுக் கொடிய ஊர் பூரா பாத்துச்சா?" என்றார். "ஆமா" என்றேன். "நல்ல வேளை, அன்னிக்கு நீ தொவைக்கல. என் உள்ளாடை ஓட்டைய நாடே பாத்திருக்கும்" என்றார். அதன்பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய் அந்தச் சாய்ந்த கம்பத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தார். "ஒன் தங்கச்சி நல்லா இருக்கட்டும்" என்றார். மனிதர் இவ்வளவு மனம்விட்டுப் பேசுவது அபூர்வம்.

இப்போது ஜன்னல் விஷயம்.

அன்றைக்கு நீ ஒரு கையால் அசைத்தாய். ஆமாம், பார்த்தேன். உன் பின்னால் நின்று நான் இரண்டு கையாலும் அசைத்தேன். எனக்குப் பதினாலு வயது, நல்லது கெட்டது தெரிந்த வயது, இருந்தும் அசைத்தேன். அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தது உன் கையைப் பார்த்து அல்ல, என்னுடையதை. நீ அவ்வளவு குள்ளம், ஜன்னல் கட்டைக்கு மேல் உன் விரல்கூடத் தெரிந்திருக்காது. இத்தனை வருடம் எல்லாப் பழியையும் நீ ஒருத்தியே எடுத்துக்கொண்டு லண்டன் போய்விட்டாய், பேராசைக்காரி. நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் நேரில் வந்து சண்டை போடு.

இன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை துவைப்பவளைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். பார்க்கட்டும். மூன்று வாரக் கம்பளிச் சட்டை, காலுறை, போர்வை எல்லாம் தொங்குகின்றன. கம்பம் இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஒரு கைக்குட்டை போடக்கூட இடம் இல்லை. வந்து பார், கேமரா இல்லாமல்.

எல்லோரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே.

உன் அக்கா ஐவி

மறந்துவிட்டேனே. அடுத்த நிகழ்ச்சியில் உன் அட்டையை இன்னும் கொஞ்ச நேரம் காட்டச் சொல். உன் பேரில் பாதிதான் நான் படித்திருக்கிறேன். மீதியை பெஸ்ஸி சொல்லிக் கேட்க எனக்கு இஷ்டம் இல்லை.